பேத்தியின் கிடாரும் மாதரியின் குரவையும்



ஒரு மாதமாக இங்கே நான் எதுவும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன் போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. இடது கை விரல் நுனி நாலும் காய்த்துப்போய், போனில் தட்டினாலே வலித்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் டீச்சர் 66 வயதில் கிடார் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். நம் மதுரையின் பழைய கதை ஒன்று இதில் இருக்கிறது. கடைசியில் நான் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் மகன் வழிப் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் அவளுக்கு அவள் அப்பா ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தான். வாரம் இரண்டு நாள் வகுப்பு. மற்ற நாளெல்லாம் என் கட்டிலில் உட்கார்ந்துதான் பழகுவாள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். "என்னடி, இதே சத்தம்தானா? பாட்டு எப்போ வரும்?" என்று கேட்டேன். "அப்பத்தா, இது ஸ்கேல். ஈ மைனர் பெண்டடானிக். ஓப்பன் பொசிஷன். இது கைக்கு வந்தாத்தான் பாட்டு" என்றாள். பிறகு, "நீங்களும் வாங்க, சொல்லித் தர்றேன்" என்று கிடாரை என் மடியில் தூக்கி வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள், அன்றைக்கு மாணவியாக உட்கார்ந்தேன்.

அவள் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கிடாரில் ஆறு கம்பி. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ என்று சுருதி சேர்த்திருக்கும். விரலே வைக்காமல் மீட்டினால் அது ஓப்பன், அதாவது வெறுங்கம்பி. இந்த வரிசையில் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே சுரம். முதலில் வெறுங்கம்பி, அடுத்து விரல் வைத்து ஒன்று. தடித்த ஈ கம்பியில் வெறுங்கம்பியும் மூன்றாவது கட்டமும். ஏ, டி, ஜி ஆகிய மூன்று கம்பிகளிலும் வெறுங்கம்பியும் இரண்டாவது கட்டமும். பி கம்பியிலும் மெல்லிய ஈ கம்பியிலும் வெறுங்கம்பியும் மூன்றாவது கட்டமும். இரண்டாவது கட்டத்துக்கு நடுவிரல், மூன்றாவதற்கு மோதிர விரல். மொத்தம் பன்னிரண்டு ஒலி. அதில் பாதி விரலே இல்லாமல் வருகிறது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதலில் கொடுக்கிறார்கள்.

ஒலி பன்னிரண்டு என்றாலும் சுரம் ஐந்துதான். ஈ, ஜி, ஏ, பி, டி. மேலே போகப்போக அதே ஐந்துதான் திரும்ப வருகிறது. 'பெண்ட்டா' என்றால் கிரேக்கத்தில் ஐந்து.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எனக்கு விரல் தடுமாறியது. தடித்த கம்பியில் வெறுங்கம்பியை விட்டுவிட்டு, மூன்றாவது கட்டத்தில் இருக்கிற ஜி-யிலிருந்து தொடங்கிவிட்டேன். ஜி, ஏ, பி, டி, ஈ, ஜி. பேத்தி "தப்பு அப்பத்தா, ஈ-ல இருந்து" என்றாள். எனக்கோ கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பாட்டு வாத்தியாரம்மாவிடம் கீதம் வரைக்கும் கற்றுக்கொண்டேன். 'வர வீணா' என்று மோகன ராகத்தில் ஒரு கீதம் உண்டு. பாட்டுப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த மோகனம் என் மடியில் கேட்டது. ச ரி க ப த. ஜி-யை ச என்று வைத்தால், இந்தக் கிடார் வரிசை அப்படியே மோகனம்.

"தப்பு இல்லடி, இது நம்ம மோகனம்" என்றேன். அவளும் விடவில்லை. "எங்க சாரும் சொன்னார். ஈ மைனரும் ஜி மேஜரும் சொந்தக்காரங்களாம். அதே அஞ்சுதான், தொடங்குற இடம்தான் வேறயாம்" என்றாள்.

தொடங்குகிற இடம்தான் வேறு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து அலமாரியில் இருந்த சிலப்பதிகாரத்தை எடுத்து, மதுரைக் காண்டத்தில் ஆய்ச்சியர் குரவையைத் திறந்தேன்.

உங்களில் பலருக்கு நான் கண்ணகி கதை சொல்லியிருக்கிறேன். கோவலன் சிலம்பு விற்கப் போனது, பாண்டியன் தவறாகத் தீர்ப்புச் சொன்னது, கண்ணகி நீதி கேட்டது, மதுரை எரிந்தது. எல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் நடுவில் இருக்கிற குரவையை வேகமாகத் தாண்டிப் போயிருப்பேன். கதைக்கு அது தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆய்ச்சியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி மதுரைக் கோட்டைக்கு வெளியே ஆயர் சேரியில் இருப்பவள். அவள் மகள் பெயர் ஐயை. மாடு மேய்த்து, பால் தயிர் விற்றுப் பிழைக்கிற சனங்கள். கோவலன் சிலம்போடு ஊருக்குள் போன அந்த நாளில், சேரியில் ஒன்றும் சரியாக இல்லை. உறையூற்றிய பால் தோயவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று மாதரிக்கு மனதில் படுகிறது. பசுவும் கன்றும் துயர் நீங்கட்டும், கண்ணகியும் பார்க்கட்டும் என்று, குரவை ஆடுவோம் என்கிறாள்.

ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர் வைக்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நம் பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்கள் இவை. அறிஞர்களிடையே சில கருத்து வேறுபாடு உண்டு. குரலை ச என்று கொள்ளும் வழியில் நான் சொல்கிறேன். அப்படிப் பார்த்தால் குரல் ச, துத்தம் ரி, கைக்கிளை க, உழை ம, இளி ப, விளரி த, தாரம் நி.

அடுத்து மாதரி அந்தப் பெண்களில் மூவருக்குத் தனியாக வேடம் கொடுக்கிறாள். குரலாக நிற்கிறவளை மாயவன் என்கிறாள், அதாவது கண்ணன். இளியாக நிற்கிறவளைப் பலராமன் என்கிறாள். துத்தமாக நிற்கிறவளை நப்பின்னை என்கிறாள். பிறகு கைகோத்து அவர்கள் பாடத் தொடங்கும் இசைக்கு முல்லைத் தீம்பாணி என்று பெயர் வருகிறது. குரல் மந்தமாக, இளி சமமாக, துத்தம் வலிவாகப் பாட வேண்டும் என்று முறையும் சொல்லியிருக்கிறது. அந்த முல்லைப்பண்தான் இன்றைய மோகனம் என்பது இசை ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொண்ட முடிவு. குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி. ஐந்தே சுரம். ஏழு பெண்களில் உழையும் தாரமும் இந்தப் பண்ணில் இல்லை.

ஏழு சுரம் வந்தால் பண், ஆறு வந்தால் பண்ணியத்திறம், ஐந்து வந்தால் திறம், நான்கு வந்தால் திறத்திறம் என்று நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். என் பேத்தி பெண்டடானிக் என்பதை அவர்கள் திறம் என்றார்கள்.

இதற்கு அடுத்துத்தான் எனக்கு ஆச்சரியம் வந்தது. ஏன் குரல், இளி, துத்தம் ஆகிய மூவருக்கு மட்டும் மாதரி முதலில் பெயர் வைத்தாள்? வரிசைப்படி குரல், துத்தம், கைக்கிளை என்று அல்லவா போக வேண்டும்?

சிலப்பதிகாரத்தின் பழைய உரையில் ஒரு வெண்பா வருகிறது. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் பிறக்கிறது என்று அது சொல்கிறது. தாரத்தில் உழை பிறக்கும். உழையில் குரல். குரலில் இளி. இளியில் துத்தம். துத்தத்தில் விளரி. விளரியில் கைக்கிளை. சுரங்கள் தாயும் பிள்ளையுமாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் முன்னதன் ஐந்தாம் சுரம். ச-வுக்குப் ப எப்படியோ, அப்படி.

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலி பாடம் நடத்தியபோது நான் செய்து காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். ஒரு கம்பியை மூன்று சம பங்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கை மட்டும் ஒலிக்க விடுங்கள். முழுக் கம்பி ச என்றால் இது ப. அதிர்வு எண்ணிக்கை இரண்டுக்கு மூன்று. காது உடனே ஒப்புக்கொள்கிற உறவு இது. கிடாரில் ஏழாவது கட்டத்தில் விரல் வைத்தால் கிட்டத்தட்ட அந்த மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். ஒரு சுரத்துக்கு ப கண்டுபிடித்து, அந்தப் ப-வை ச என்று வைத்து அதற்கு ஒரு ப கண்டுபிடித்து, இப்படியே போனால் எல்லாச் சுரமும் பிறந்துவிடும்.

இப்போது அந்த வெண்பாவின் ஏழு பெயர்களில் முதல் இரண்டை, தாரத்தையும் உழையையும், ஒதுக்கி வையுங்கள். மிச்சம் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. அதுதான் முல்லைப்பண். மாதரி முதலில் பெயர் வைத்த மூவரும் அந்தச் சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகள். கண்ணன், அண்ணன், நப்பின்னை. அவள் வயிற்றுப்பாட்டுக்கு மோர் விற்கிற பெண். ஆனால் அவள் வாயில் இளங்கோவடிகள் வைத்த சொல் ஒவ்வொன்றும் கணக்கோடு வைத்தது.

காலையில் எழுந்ததும் கிடாரை எடுத்தேன். ஜி-யைக் குரல் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது கம்பி ஜி. அதிலிருந்து தடித்த கம்பிகளை நோக்கி ஒவ்வொன்றாக வெறுங்கம்பியாகவே மீட்டினேன். ஜி குரல். டி இளி. ஏ துத்தம். ஈ விளரி. மிச்சம் இருக்கிற பி கைக்கிளை. விரலே வைக்க வேண்டாம். வெண்பா சொன்ன அதே வரிசையில் அந்தச் சுரங்கள் என் மடியில் கட்டிக் கிடந்தன. மெல்லிய ஈ கம்பி மறுபடியும் விளரி. ஆறு வெறுங்கம்பியும் முல்லைப்பண்ணை விட்டு வெளியே போகவில்லை.

பேத்தியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு, "அப்போ கிடாரைத் தமிழங்கதான் கண்டுபிடிச்சாங்களா?" என்றாள்.

இல்லை. தயவுசெய்து யாரும் அப்படி ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். கிடார் ஸ்பெயினிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த கருவி. ஆறு கம்பியோடு இன்றைய உருவத்துக்கு வந்தது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில். அவர்கள் கை வசதிக்காக இப்படிச் சுருதி சேர்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. சீனத்திலும் ஐந்து சுரம் உண்டு, ஸ்காட்லாந்திலும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள், பருத்திக் காட்டில் பாடுபட்டுக்கொண்டே உருவாக்கிய புளூஸ் இசையில், இந்த மைனர் பெண்டடானிக்தான் முதுகெலும்பு. கிடார் வகுப்புகளில் இதை முதலில் சொல்லித் தர அதுவும் ஒரு காரணம். மனிதக் காது எங்கும் ஒன்றுதான். ஆனால் அந்த உறவுகளுக்குப் பெயர் வைத்து, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திப் பாடமாகச் சொன்னது, நம் வைகைக் கரையில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு காட்சியில். அதற்குப் பெருமைப்படலாம். அவ்வளவு போதும்.

சரி, மைனர் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதே ஐந்து சுரம்தான், வீட்டு வாசல்தான் வேறு. முல்லையின் விளரியைக் குரலாக வைத்து, அங்கிருந்து தொடங்கிப் பாடினால் சுரங்களின் இடைவெளி மாறிவிடும். ச, சின்ன க, சின்ன ம, ப, சின்ன நி. நம் கர்நாடக இசையில் அது சுத்த தன்யாசி. கிடாரில் அது ஈ மைனர் பெண்டடானிக். ஜி-யில் தொடங்கும்போது இருந்த சிரிப்பு, ஈ-யில் தொடங்கும்போது ஒரு ஏக்கமாக மாறிவிடுகிறது. துத்தத்தைக் குரலாக்கினால் மத்தியமாவதி. கைக்கிளையைக் குரலாக்கினால் இந்தோளம். இளியைக் குரலாக்கினால் சுத்த சாவேரி. ராகம் என்பது வெறும் சுர வரிசை இல்லை, அசைவும் பிடியும் சேர்ந்தது என்று பாட்டுத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது சரிதான். நான் சொல்வது எலும்புக்கூட்டை மட்டும்.

இப்படிக் குரலை மாற்றி மாற்றி வைப்பதற்குப் பழந்தமிழில் பாலைத் திரிபு என்று பெயர். யாழில் அது சுலபம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான், வீணை போலவோ கிடார் போலவோ மெட்டு கிடையாது. எல்லாமே வெறுநரம்புதான். வேறு பண் வேண்டுமென்றால் வேறு நரம்பைக் குரலாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் பேத்தி ஓப்பன் பொசிஷன் என்று படிக்கிறதே, யாழ் வாசித்த பாணருக்கு வாழ்நாள் முழுக்க அதுதான்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? யாழ் வழக்கொழிந்து போனது. ஓலைச்சுவடியில் இருந்த சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் பழைய உரைகளோடு 1892-ல் அச்சிட்டார். அச்சு வந்த பிறகும் இசைப் பகுதிகள் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அதைப் புரியவைக்கப் பாடுபட்டவர்களில் பலர் ஆசிரியர்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லில்தான் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிறகு தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து, சித்த மருத்துவம் செய்து சம்பாதித்த பணத்தை இசை மாநாடுகளுக்குச் செலவழித்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். ச-ப உறவை வைத்தே தமிழிசைக் கணக்கு முழுதையும் விளக்க முயன்றவர் அவர்.

மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளும் ஆசிரியர்தான். கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவர். நம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர். பல வருடம் உழைத்து, மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டே மீட்டெடுத்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். மதுரையில் இசை கற்பித்த எஸ்.ராமநாதன், சிலப்பதிகார இசையையே ஆய்வுப் பொருளாக எடுத்து அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கம்பம் பள்ளத்தாக்குக் கோம்பையில் பிறந்த வீ.ப.கா.சுந்தரம், தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக எழுதி முடித்தார்.

இவர்கள் இல்லாவிட்டால் மாதரியின் குரவை எனக்கு வெறும் அருஞ்சொல் பட்டியலாகவே இருந்திருக்கும்.

ஆனால் நான் இங்கே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இந்த ஐந்து சுரம் ஓலையில் மட்டும் இருந்ததா? பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலால் மூங்கிலில் துளை போட்டுக் குழல் செய்து பாலைப்பண் வாசிக்கிறான். அது சலித்துப் போனதும், குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, யாழ் செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். அவனுக்கு எந்தக் கல்லூரி? மாட்டுக்குப் பின்னால் நடந்த நேரத்தில் காதால் படித்தான். ஓலையைச் செல்லரித்த காலத்திலும் அந்தக் குழல் நிற்கவில்லை. மதுரையைச் சுற்றிய வெட்டவெளியில், நம் கண் முன்னாலேயே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இளையராஜா 1943-ல் பிறந்த பண்ணைப்புரமும் அன்றைக்கு மதுரை மாவட்டம்தான். ஊர் ஊராக அண்ணனுடைய கச்சேரிக் குழுவோடு அலைந்து, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்விலும் தேறியவர். அவர் மோகனத்தில் போட்ட 'நின்னுக்கோரி வர்ணம்' 1988-ல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வந்தபோது, உங்களில் சில பேர் என் வகுப்பிலேயே முணுமுணுத்தீர்கள். அதற்கு நான் திட்டவில்லை. படப் பாட்டாயிற்றே.

திட்டியது வேறொரு பிள்ளையை.

1986 என்று நினைக்கிறேன். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. பெரியாறு வாய்க்கால் பாயும் ஊர். அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போடுவார்கள். கிடை மாட்டுக்காரர்கள் நூறு இருநூறு மாடுகளோடு வருவார்கள். இரவில் வயலில் மாட்டை அடைப்பார்கள், சாணமும் கோமியமும் வயலுக்கு, கூலி இவர்களுக்கு. வயல் வயலாக, ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு குடும்பத்துப் பையன், அவன் ஆத்தா வீடு எங்கள் ஊரில் இருந்ததால், ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தான். பெயர் சொல்ல வேண்டாம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடைசி பெஞ்சு. அன்றைக்கு மதியம் நான் கண்ணகி கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மாதரி வீட்டில் கண்ணகி தங்கிய இடம். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குழல் சத்தம். பெஞ்சுக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவனே துளை போட்ட மூங்கில் குழலை ஊதிக்கொண்டிருந்தான். சத்தமாகக்கூட இல்லை. கதையில் மாடும் ஆயரும் வந்ததும், அவனுக்கு அவன் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

குழலைப் பிடுங்கினேன். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு. பள்ளிக்கூடத்தில் வந்து இது என்ன பாட்டு?" என்றேன். வகுப்பே சிரித்தது. குழலை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பரீட்சை முடிந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவன் கேட்கவே இல்லை. அரைப்பரீட்சை லீவு முடிந்து அவன் திரும்பி வரவில்லை. கிடையோடு போய்விட்டான் என்றார்கள். நான் அவன் ஆத்தா வீட்டுக்குப் போய் ஒரு தடவை விசாரித்தேன், இரண்டாம் தடவை போகவில்லை. அந்த வருடக் கடைசியில் வெள்ளையடிக்க மேசையை வெளியே தூக்கியபோது இழுப்பறையைத் திறந்தேன். குழல் வண்டு அரித்து மாவாகிக் கிடந்தது. குப்பையில் கொட்டினேன்.

ஆயர் சேரியைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டே, ஆயர் வீட்டுப் பிள்ளையின் பாட்டைப் பிடுங்கிப் பூட்டியவள் நான். கரும்பலகையில் முல்லை நிலம், கருப்பொருள், தொழில் மாடு மேய்த்தல் என்று எழுதத் தெரிந்தது. முல்லைப்பண் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை.

அவன் ஊதியது மோகனம்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாற்பது வருடம் ஆகப் போகிறது. அன்றைக்கு நான் காது கொடுத்துக் கேட்கவும் இல்லை. ஆனால் கிடாரில் ஈ-யிலிருந்து தொடங்கி, கை தடுமாறி, அந்த ஐந்து சுரத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய் வரும்போது, அந்த மதிய வகுப்பும், வாசலில் விழுந்த வெயிலும், அந்தத் தலை கவிழ்ந்த பிள்ளையும் என் முன்னால் வந்து நிற்கிறார்கள். விரல் வலியைவிட அதுதான் வலிக்கிறது.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவனைப் பற்றித் தெரிந்தால், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பின்னூட்டத்தில் பெயர் போட வேண்டாம். இப்போது அவனுக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும், பேரன் பேத்திகூட எடுத்திருப்பான். அவனை நேரில் பார்த்து, "ஐயா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். ஒரு குழல் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியது. அவன் செய்தது போல வராது. இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

இன்றைக்கு ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்கள் ஒரு முப்பது நாற்பது பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை பாடத்துக்கு வெளியே ஏதாவது செய்தால், பிடுங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கேளுங்கள். அது பாடத்துக்கு வெளியேதானா என்று பாருங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பேத்தியும் ஒரு கிடாரும் நாற்பது வருடமும் தேவைப்பட்டது.

நேற்று பேத்தி எனக்குப் பரீட்சை வைத்தாள். பன்னிரண்டு ஒலியையும் மேலே ஏறி, கீழே இறங்கி, தடுக்காமல் வாசித்துவிட்டேன். நூற்றுக்கு எழுபது போட்டாள். "பி கம்பியில மோதிர விரல் லேசா தொடுது அப்பத்தா, அழுத்துங்க" என்றாள். அழுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் நல்லா இருங்க. வெயில் அதிகம், பிள்ளைகளை மோர் குடிக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்